நாலாம் நம்பர் பிரஸ்ஸும் என் பதிவேடும்

24 அக்டோபர் 2018, புதன்

எதை எழுதினாலும் முதலில் பட்டியல் போட்டுக்கொள்வது மில்லில் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்த காலத்துப் பழக்கம். இந்த நோட்டில் எழுத இருப்பவை:

1. நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்ட மாட்டேன் என்று கலாமணி இன்று சொன்னது, நான் பார்த்தபடி.
2. அவள் தானாக மறுக்கவில்லை. யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள். அது யார் என்பது.
3. சூப்பர்வைசர் ரங்கராசு என்னிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பது.
4. பிரஸ்ஸில் குறை உண்டா இல்லையா என்பது.
5. பதிவேடு.

இந்த நோட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும். என் மனைவி சௌந்தரம் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அவள் படிக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

முதலாவது. கோவை கணபதியில் எங்கள் பட்டறையில் நான்கு பிரஸ்கள். மில்லில் ஓய்வுபெற்ற பிறகு இங்கே பதிவேடு எழுதுகிறேன். பம்ப் மோட்டாருக்கு உள்ளே அடுக்கும் தகடுகளை வெட்டுகிறோம். ஆபரேட்டர் தகட்டை உள்ளே வைத்து, கையை எடுத்து, பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். கையை எடுக்க மறந்தால்? அதற்காக இரண்டு பக்கமும் முழ உயரத்துக்கு ஒரு கம்பம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடுகிறது. விரல் குறுக்கே வந்தால் பிரஸ் நின்றுவிடும். எல்லோரும் அதை சென்சார் என்கிறார்கள்.

காலை எட்டேகாலுக்குக் கலாமணி நாலாம் நம்பரை விட்டுத் தள்ளி வந்து நின்றாள். வயது நாற்பது இருக்கும். ஆறு வருடமாக இங்கே இருக்கிறாள். கையில் எண்ணெய் துடைக்கும் துண்டு. அது பாதிதான் இருந்தது.

"ஏனம்மிணி, மிசினு நிக்குது?" என்றான் ரங்கராசு.

"துண்டு உள்ள போயிருச்சுங்க. மிசினு நிக்கல. எறங்கி வெட்டிப்போட்டுது. சென்சார் வேல செய்யலீங்க. நான் ஓட்டமாட்டனுங்க."

"நேத்து வரைக்கும் ஓட்டுனயல்ல?"

"நேத்து எனக்குத் தெரியாதுங்களே."

"தீவாளிக்குள்ள நாப்பதாயிரம் பீசு போகோணும். வெளையாட்டா இருக்குதா உனக்கு?"

"அப்ப நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறனுங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ரங்கராசுவின் முகம் சுருங்கிவிட்டது. என் மேஜையைத் திரும்பிப் பார்த்தான். நான் பேனாவைத் திறந்து மூடினேன். பத்து மணிக்கு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் சந்தேகம் இது. ஆறு வருடம் வாயைத் திறக்காதவள், வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரம் பார்த்து ஏன் திறக்கிறாள்? சென்ற வாரம் பேக்கரி வாசலில் ஃபைல் வைத்திருந்த ஒரு ஆளுடன் அவள் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

25 அக்டோபர், வியாழன்

பஸ் தாமதம். உள்ளே வரும்போது ஏழு ஐம்பத்தைந்து. சென்சார்களைச் சோதித்து ஏழே முக்காலுக்கு எழுத வேண்டிய பதிவேட்டுக் கட்டங்களில் நான்கு பிரஸ்ஸுக்கும் 'சரி' போட்டேன்.

ரங்கராசு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். தேங்காய் பன்னும். பதினோரு மாதத்தில் இது முதல் தடவை. இதுவரை அவன் என்னை "ஏனுங்க ரெஜிஸ்டரு" என்றுதான் கூப்பிடுவான். இன்று "அய்யா" என்றான்.

"அய்யா, நம்ம புக்கு கிளீனா இருக்குதுங்களா?"

"இருக்குது."

"நாலாம் நம்பரு, ஆயுத பூசைக்கு அப்பறம் எல்லா நாளும் சரீன்னு போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குது."

"அது போதுமுங்க" என்று இன்னொரு பன் சொன்னான். நான் வேண்டாம் என்றேன். பிறகு சாப்பிட்டேன்.

எது போதும்? எதற்குப் போதும்? அந்தப் புத்தகத்தை முதலாளி அறை பீரோவில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டான். பார்க்கலாம் என்று சொல்லி, சாயங்காலம் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இது சரியா என்று தெரியவில்லை.

"ஏனுங்க, ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்துல ஆபீசு புக்கு என்னத்துக்குங்க?" என்றாள் சௌந்தரம்.

"பத்திரத்துக்கு."

"ரசத்துக்கிட்டயா பத்திரம்?"

அட்டையில் ஒரு ஓரம் ஊறியிருக்கிறது. நாளை பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோய் வெயிலில் காயவைக்க வேண்டும்.

26 அக்டோபர், வெள்ளி

முதலாளி நல்லசிவம் அறைக்குக் கூப்பிட்டார். கலாமணிக்கு மெமோ எழுத வேண்டுமாம். "உங்க தமிழு சுத்தமா இருக்குமுங்க. கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கோணும்" என்றார். என்னைப் புகழ்ந்தவர்களிடம் நான் எப்போதும் ஏமாந்திருக்கிறேன். அது தெரிந்தும் உட்கார்ந்து எழுதினேன்.

"இயந்திரம் நன்னிலையில் இருந்தமை அன்றைய பதிவேட்டுச் சான்றால் ஐயத்திற்கிடமின்றித் தெளிவுறுகையில், தாங்கள் பணி ஆற்ற மறுத்தமை கீழ்ப்படியாமையும் ஒழுங்கீனமும் ஆகும்." மூன்று முறை திருத்தினேன். எந்த இடத்திலும் பிசகு இல்லாத வாக்கியம்.

நவம்பர் இரண்டாம் தேதி விசாரணை. அதுவரை அவளுக்கு வேலை இல்லை. விசாரணை அதிகாரியாக வெளியிலிருந்து ஒரு வக்கீல் வருகிறார். பதிவேட்டை எழுதியவன் என்ற முறையில் நான் கம்பெனித் தரப்புச் சாட்சி.

சோதனை செய்யும் முறையை இங்கே எழுதி வைக்கிறேன், யாராவது கேட்டால் தடுமாறக் கூடாது. தினமும் காலை ஏழே முக்கால். ஆபரேட்டர் பெடலை மிதிக்க வேண்டும். பதிவேட்டுக்காரர் ஓரடி நீள அட்டைத் துண்டைக் கம்பங்களுக்கு நடுவே நீட்ட வேண்டும். பிரஸ் நின்றால் 'சரி'. நிற்காவிட்டால் 'சரியில்லை' என்று எழுதி மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அட்டைத் துண்டு என் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது.

அதில் தூசி இருந்தது. தட்டிவிட்டேன்.

27 அக்டோபர், சனி

மழை. முழங்கால் வலி. வேறொன்றும் இல்லை.

28 அக்டோபர், ஞாயிறு

காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்குப் போனேன். நினைத்தபடியே இருந்தார்கள், கலாமணியும் அந்த ஃபைல்காரனும். நான் பப்ஸ் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றேன். எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்று தெரிந்துகொண்டால் இரண்டாவது விஷயம் முடிந்துவிடும்.

கலாமணி என்னைப் பார்த்துவிட்டாள்.

"அய்யா, நல்ல சமயத்துல வந்தீங்க. இங்க வாங்கொ."

ஓடவும் முடியவில்லை. போனேன். அந்த ஆள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரராம். ஃபைலில் இருந்தது நான் எழுதிய மெமோவின் நகல்.

"இவருக்கும் புரியலைங்கறாரு. ஐயத்திற்கிடமின்றீன்னா என்னங்க?"

"சந்தேகம் இல்லாமல் என்று அர்த்தம்."

"அதச் சந்தேகம் இல்லாமன்னு எழுதுனா என்னங்க? தெளிவுறுகையில்... இத எழுதுன ஆளு சோத்துக்குப் பதிலா கல்லைத் தின்னிருப்பானாட்ட இருக்குது."

ஜெராக்ஸ் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எழுதியவன் யார் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தே பேசுகிறாளா என்று வழியெல்லாம் யோசித்தேன். சென்ற வாரம் இதே ஆளுடன் பேசியது மகளின் சான்றிதழ் நகலுக்காக என்றாள். அப்படிச் சொல்லத்தான் செய்வாள்.

காய் வாங்க மறந்துவிட்டேன்.

29 அக்டோபர், திங்கள்

ஒடிசாவிலிருந்து வந்த பிரதாப் என்பவனை நாலாம் நம்பரில் நிறுத்தியிருக்கிறார்கள். முப்பத்தைந்து வயது. அமைதியானவன். மதியம் வரை நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பார்க்காவிட்டாலும் சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் அவன் கை உள்ளே போகிறது. நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன். எழுநூறுக்கு மேல் எண்ண முடியவில்லை.

நான்கு பிரஸ்ஸுக்கும் 'சரி' போட்டேன். வழக்கம்போல்.

30 அக்டோபர், செவ்வாய்

நாலாவது விஷயம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை காலி. பிரதாப் மட்டும் பிரஸ் அருகே தூக்குப்போசியைத் திறந்து உட்கார்ந்திருந்தான். அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். பெடலைக் காட்டி மிதிக்கச் சொன்னேன். "பெரியவர், கை வேணாம்" என்றான். கை இல்லை, அட்டை என்று காட்டினேன். மிதித்தான்.

பிரஸ் நிற்கவில்லை. அட்டை இரண்டாகி, ஒரு பாதி என் கையில் இருந்தது.

பிரதாப் என்னையும் அட்டையையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தான். தூக்குப்போசியை மூடிவிட்டான். அதற்குப் பிறகு அவன் சாப்பிடவில்லை.

கம்பத்தை உற்றுப் பார்த்தேன். கண் என்று சொல்லும் கண்ணாடிப் பட்டையில், மேலிருந்து கால்வாசியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம். அதன் நடுவில் குங்குமம். பின்னால் மின்பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை. உள்ளே இரண்டு முனைகளை இணைத்து விரல் நீளத்துக்கு ஒரு ஒயர், மஞ்சள் டேப் சுற்றியது.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தவனுக்கு இது புரியாமல் போகாது. ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்தார்கள். இந்தப் பொட்டு ஒளியை மறைத்துவிட்டது. விடுமுறை முடிந்து இருபதாம் தேதி சனிக்கிழமை பிரஸ் ஓட மறுத்திருக்கும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அவசரத்தில் யாரும் பொட்டைத் துடைக்கவில்லை. ஒயரைப் போட்டு சென்சாரையே பைபாஸ் செய்துவிட்டார்கள். பத்து நாளாகக் கண் இல்லாத பிரஸ்.

ஒயர் போட்டது ரங்கராசுவின் உத்தரவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பன் எதற்கு என்பதும் புரிந்துவிட்டது.

பொட்டு வைத்தது யார் என்று நினைவில்லை.

மேஜைக்குத் திரும்பிவந்து பதிவேட்டைத் திறந்தேன். இன்றைய கட்டத்தில் காலையிலேயே 'சரி' போட்டிருந்தேன். அதை அடிக்கவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேடு என்று மில்லில் எனக்குப் பெயர்.

பிரதாப் மதியத்துக்கு மேல் வயிற்றுவலி என்று போய்விட்டான். அவன் இடத்தில் ரங்கராசுவே நின்று ஓட்டினான். அவனுக்குத் தெரியும், அதனால் கையை வெகு நேரம் முன்பே எடுக்கிறான். மணிக்கு நூறு பீஸ் கூட வரவில்லை.

31 அக்டோபர், புதன்

சௌந்தரம் இஸ்திரி போட்டுக்கொண்டே, "இந்த வெள்ளச் சட்டையில சந்தனக் கறை போகவே மாட்டேங்குதுங்க. ஆயுத பூசையன்னிக்கு முழங்கை வரைக்கும் பூசிட்டு வந்தீங்க" என்றாள்.

"எல்லாரும்தான் பூசினார்கள்."

"வயசுல மூத்தவருன்னு மொதலாளி உங்க கைல கிண்ணத்தக் குடுத்தாருன்னு சொன்னீங்களே? மிசினுக்கு மூணு பொட்டு, தலைக்கு, கைப்பிடிக்கு, கண்ணுக்குன்னு. ஒண்ணுகூட விடலைன்னு அன்னிக்கு ராத்திரி பூரா எங்கிட்டப் பெருமை."

இவள் அரிசி டின்னுக்குப் பின்னால் பார்க்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது.

மற்ற மூன்று பிரஸ்களிலும் கம்பத்தின் இரும்பு உறையில் வைத்திருக்கிறேன். கண்ணாடி மேல் வைத்தது நாலாம் நம்பரில் மட்டும். அப்போது நெரிசல், யாரோ என் தோளில் இடித்தார்கள். யார் இடித்தது என்று இப்போது சொல்ல முடியாது.

1 நவம்பர், வியாழன்

பழைய தொழிற்சாலைச் சட்டப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்தேன். இருபத்தொன்றாம் பிரிவு: இயந்திரம் ஓடும்போது அபாயமான பாகங்களுக்குத் தடுப்பு இருந்தே ஆக வேண்டும். நூற்றுப் பதினொன்று-ஏ: தன் பாதுகாப்புக்குப் போதிய ஏற்பாடு இல்லையென்றால் தொழிலாளி நேரே தொழிற்சாலை ஆய்வாளரிடம் முறையிடலாம். முப்பது வருடம் டைம் ஆபீஸில் இருந்தும் இந்தப் பக்கத்தை நான் திருப்பியதில்லை. அந்த இரண்டு தாள்களும் ஒட்டிக்கொண்டிருந்தன.

நாளை என்னிடம் கேட்கப் போகும் கேள்வி ஒன்றுதான். தினமும் சோதித்தீர்களா? 'ஆம்' என்றால் கலாமணிக்கு வேலை போகும். 'இல்லை' என்றால் எனக்குப் போகும். அவளுக்கு அந்தச் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. எனக்கு ஓய்வூதியம் வருகிறது. இவ்வளவு தெளிவாக எழுத முடிகிறது. ஆனாலும் எந்தப் பதில் என்று எழுத முடியவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'சரி' போடுவதைக் கலாமணி பல நாள் பார்த்திருக்கிறாள். நாளை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாள்.

2 நவம்பர், வெள்ளி

முதலாளி அறை. வக்கீல், முதலாளி, ரங்கராசு, கலாமணி, நான். நாலாம் நம்பர் நேற்றுச் சாயங்காலமே துடைத்துப் பளபளவென்று இருந்தது. ஒயரும் இல்லை. வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அட்டையை நீட்டியதும் பிரஸ் பணிவாக நின்றது. ரங்கராசு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

கலாமணி தன் பாதித் துண்டை மேஜைமேல் வைத்தாள்.

"துண்டை யார் வேணும்னாலும் வெட்டிக்கலாமேம்மா" என்றார் வக்கீல். "அன்னிக்குக் காலைல ஏழே முக்காலுக்குச் சோதிச்சுச் சரின்னு எழுதியிருக்காங்க. நீங்க எட்டேகாலுக்கு இல்லைன்னு சொல்றீங்க. இதுக்கு என்ன பதில்?"

இதோ சொல்லப் போகிறாள் என்று நான் தரையைப் பார்த்தேன்.

"அய்யா நல்லவருங்க" என்றாள் கலாமணி. "கொஞ்ச நாளா முட்டி வலியில நடக்கவே செரமப்படறாரு. ஆனாலும் அவரு பொய் எழுத மாட்டாருங்க. அவரு பாக்கறப்ப சரியா இருந்திருக்கும். அதுக்கப்பறம் கெட்டிருக்குமுங்க."

வக்கீல் பேனாவை வைத்துவிட்டார். அரை மணிக்குள் தானாகக் கெட்டு, பிறகு தானாகச் சரியாகிவிட்ட சென்சார். இதை யார் நம்புவார்கள்? என்னைக் காப்பாற்றப் போய்த் தன் வாதத்தைத் தானே உடைத்துக்கொண்டாள்.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. தினமும் சோதிச்சீங்களா?"

நான் சொன்னது காதில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வக்கீல் மறுபடி கேட்டார்.

"சோதிக்கலைங்க. ஆடி மாசத்திலிருந்து சோதிக்கலை. முட்டி வலி. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதினேன். இருபத்தி நாலாம் தேதியும் அப்படித்தான். முப்பதாம் தேதி மதியம் ஒருதரம் பார்த்தேன். நிற்கலை. பெட்டிக்குள்ள ஒயர் போட்டு பைபாஸ் பண்ணியிருந்தது. அதையும் எழுதலை."

"என்னுங்கய்யா இது!" என்று ரங்கராசு எழுந்துவிட்டான். "பன்னைத் தின்னுபோட்டு..."

"உக்காருடா" என்றார் முதலாளி. என்னிடம் திரும்பி, மிகவும் மெதுவாக, "வீட்டுக்குப் போங்க. தீவாளிக்கு அப்பறமும் வர வேண்டாமுங்க" என்றார்.

எழுந்தேன். கதவருகே நின்று, "கண்ணாடியில பொட்டு வெச்சது நான்தானுங்க" என்றேன். யாருக்கும் அது புரியவில்லை. வக்கீல் மட்டும் அதையும் எழுதிக்கொண்டார்.

3 நவம்பர், சனி

சௌந்தரத்திடம் சொன்னேன். "அந்தக் கறைச் சட்டையத் கரித்துணி ஆக்கிக்கறேன்" என்றாள். இரண்டு தடவை காபி கொடுத்தாள்.

4 நவம்பர், ஞாயிறு

கலாமணி வீட்டுக்கு வந்தாள். முதலாளி அவளைத் திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார், ஒரு நிபந்தனையுடன். 'இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை, நான் தவறாகப் புரிந்துகொண்டேன்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட மாட்டேன்னுட்டனுங்க. ஆய்வாளருக்கு ஒரு லெட்டரு எழுதோணும். நீங்க எழுதுங்க. ஆனா எனக்குப் புரியற மாதிரி எழுதுங்க. கல்லு வேண்டாம்."

அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சௌந்தரம் சமையலறையில் சிரித்தது கேட்டது.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் 'மேற்படி' என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அடிக்கச் சொன்னாள். நிறைய அடித்தல்கள் உள்ள கடிதம். நான் சோதிக்காமல் எழுதியதையும் அதில் சேர்த்தேன்.

"உங்க பேரு வேணுமுங்களா அய்யா?"

"வேணும்."

"அப்பச் செரி, போடுங்க."

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் கேட்டேவிட்டேன். "அன்று மறுக்கச் சொன்னது யார்? சங்கமா? அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று சொன்னது யார்?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"யாரு சொல்லோணும்? துண்டு வெட்டுப்பட்டுது. அடுத்தாப்ல கையிதானுங்களே? பயமா இருந்துச்சு, வந்து நின்னுட்டேன்."

"பயமாக இருந்தால் பேசாமல் இருக்கத்தானே தோன்றும்?"

"அப்படீங்களா?" என்றாள். நிஜமாகவே அவளுக்கு அது தெரியாதது போல.

5 நவம்பர், திங்கள்

இருவரும் பஸ்ஸில் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். ஆய்வாளரான அம்மையார் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மாலை ஐந்து மணிக்குக் கலாமணி போன் செய்தாள். ஆய்வாளர் மதியமே பட்டறைக்கு வந்துவிட்டாராம். நான்கு பிரஸ்களின் மின்பெட்டிகளையும் திறக்கச் சொன்னாராம். இரண்டாம் நம்பரிலும் ஒயர் இருந்ததாம், நன்றாகக் கறுத்துப் பழசாகி. அதற்கும் நான் தினமும் 'சரி' போட்டிருக்கிறேன். அந்தப் பிரஸ்ஸையும் நாலாம் நம்பரையும் நிறுத்திவிட்டு, கலாமணியை வேலைக்குச் சேர்க்காவிட்டால் தனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். தீபாவளி முடிந்து இவள் வேலைக்குப் போகிறாள். நிலைக்குமா என்று சந்தேகம்தான்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டாவதாக எழுதியது தவறு. கலாமணியை யாரும் தூண்டவில்லை. ஒருவர் பயந்துபோய், தாமாகவே மறுக்க முடியும் என்பது அறுபத்தேழு வயதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.